தொட்டிலுக்குள் ராக்வூல்

கதவைத் திறக்கும்போதே குழந்தை வீறிடுவது கேட்டது. பசி அழுகை இல்லை. இந்த ஐந்து மாதத்தில் அவள் கேட்டறியாத அழுகை.

"வந்துட்டியா? பால் குடுத்தாச்சு, துணி மாத்தியாச்சு. உன் மகளுக்கு என்னைக் கண்டாலே ஆகாதுபோல," என்றான் கணவன், முழங்கையைச் சொறிந்தபடி. "இத்தனைக்கும் இன்னிக்கு ராஜ உபசாரம். தொட்டில்ல புது மெத்தை."

"ஏது மெத்தை?"

"பால்கனியில வச்சிருந்தியே, அந்த ரெண்டு பஞ்சுக் கட்டுதான். பிளாஸ்டிக் உறையைக் கிழிச்சு, ரெண்டையும் சேர்த்து வச்சு, மேல துணி விரிச்சேன்."

அவள் தொட்டிலுக்கு ஓடினாள். அவள் வேலை பார்க்கும் பசுமைக்குடிலில் தக்காளிச் செடிகளுக்கு மண் கிடையாது. ராக்வூல் எனும், பஞ்சு போன்ற பாளங்களில்தான் வேர் விடும். செடி வைக்கலாமென்று இரண்டு பாளங்களைத் தூக்கிவந்தவள் அவள்தான்.

குழந்தையின் கன்னமும் கழுத்தும் செக்கச்செவேலென்று தடித்திருந்தன. கண்களைத் திறக்கவே இல்லை. அவன் துண்டை எடுத்தான்.

"துடைக்காதீங்க. தேய்ச்சா கண்ணைக் கீறிடும்."

"பஞ்சு எப்படிக் கீறும்?"

"அது பஞ்சு இல்லங்க. கல்லை உருக்கி இழுத்த இழை."

அவன் துண்டைக் கீழே போட்டான். அவள் குழந்தையின் உடுப்பைக் கழற்றி, குழாயை மெல்லத் திறந்து, கண்ணிலும் உடம்பிலும் தண்ணீரை ஓடவிட்டாள். பிறகு அவனைக் கைகழுவிச் சட்டை மாற்றவைத்து, குழந்தையை ஈரத்தோடு சுத்தமான துணியில் சுற்றிக்கொண்டு இருவரும் மருத்துவமனைக்கு ஓடினார்கள்.

கண் டாக்டர் விளக்கடித்து நெடுநேரம் பார்த்தார். "கீறல் இல்ல. கழுவினது நல்லதாப் போச்சு. தடிப்பு நாளைக்கு அடங்கிடும்."

குழந்தை கண் திறந்து அவளைப் பார்த்தது. அவனோ அவளுடைய மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். அங்கேயும் அதே தடிப்பு.

"சோப்பு ஒத்துக்கலன்னு சொன்னியே."

"குடில்ல பாளத்தை நனைச்சு, கையுறை மாட்டித்தான் வெட்டணும். சீக்கிரம் முடியட்டுமேன்னு காய்ஞ்சதையே வெறுங்கையால வெட்டிடுவேன்."

"முகக்கவசம்?"

இல்லையென்று தலையசைத்தாள். தன் சட்டையைக் குனிந்து பார்த்தாள். வேலைக்குப் போட்ட, வெட்டிய பாளத்தின் தூள் படிந்த சட்டை. தினமும் மாலையில் இதோடுதான் மகளை வாரி அணைக்கிறாள், இதே மார்பில் முகம் புதைத்துத்தான் குழந்தை பால் குடிக்கிறது. அது அந்த நொடியில்தான் உறைத்தது.

"இவளைப் பிடிங்க."

"ஏன்?"

"இதைக் கழற்றிப் போட்டுக் குளிக்கிற வரைக்கும் நீங்களே வச்சுக்கோங்க."

அவன் வாங்கிக்கொண்டான். கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் அவள் நின்றாள்.