ஒன்பதரைக்கு மேல்

நகரசபைக் கூடத்தில் மின்விசிறிக்குக் கீழே இடம் பிடிக்க வேண்டும் என்றே நர்சம்மா சீக்கிரம் வந்து உட்கார்ந்திருந்தாள். ஆஸ்பத்திரியை விட்டு வந்து வருஷக்கணக்காகியும் அந்தப் பேர் மட்டும் அவளை விட்டுப் போகவில்லை. கடைவீதி நடுவே இருக்கும் சதுக்கத்தை இரவு ஒன்பதரைக்கு மேல் பூட்டிவிட வேண்டும் என்று வீடு வீடாகப் படியேறிக் கையெழுத்து வாங்கியவள் அவள்தான். மருந்துக்கடைக்காரர் மனுவை எழுதிக் கொடுத்தார். பஸ் டிரைவராக இருந்து ஓய்வுபெற்ற கணவர், கூப்பிட்ட குரலுக்கு வந்தவர் போலப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

அவளிடம் நியாயம் இல்லாமல் இல்லை. சதுக்கம் அவர்கள் ஜன்னலுக்கு நேர் கீழே. சாப்பாட்டு நேரம் தாண்டினால் மோட்டார் சைக்கிள்கள் நடுவிலிருக்கும் நீரூற்றைச் சுற்றிச் சுற்றி வரும். யாராவது பாட்டை அலறவிடுவார்கள். அப்போதுதான் கண்ணயர்ந்த பேத்தி தூக்கிவாரிப்போட்டு எழுந்து அழுவாள்.

கூட்டத்தில் முதலில் மருந்துக்கடைக்காரர் பேசினார். டீக்கடைக்காரர் எழுந்து, "ராத்திரி வியாபாரத்துலதான் என் அடுப்பே எரியுது" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். "வேற யாரு?" என்றார் தலைவர். பின்வரிசையில் நாற்காலி நகர்ந்தது. நர்சம்மா திரும்பிப் பார்த்தாள். மூக்குக்கண்ணாடிக் கடைச் சீருடையைக்கூட மாற்றாமல் நின்றுகொண்டிருந்தாள் மருமகள். வரப்போவதாக வீட்டில் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"நான் சதுக்கத்துக்கு எதிர் வீடுதாங்க. சத்தம் இருக்கறது நெஜம். எங்க பொண்ணும் முழிச்சுக்கறா. ஆனா பூட்டிடாதீங்க."

"ஏம்மா?"

"எங்க வீட்ல ரெண்டே ரூம். நடுவுல பலகைத் தடுப்பு. இந்தப் பக்கம் இருமினா அந்தப் பக்கம் கேக்கும். அதனால சாப்பிட்டதும் நானும் அவரும் சதுக்கத்துக்குப் போயிடுவோம்."

"காத்து வாங்கவா?" தலைவர் சிரித்தார்.

"இல்லீங்க. சண்டை போட."

கூடமே சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. "வீட்ல போட்டா பெரியவங்க மனசு கஷ்டப்படும். அங்க மூலை பெஞ்சுல உக்காந்து போட்டு முடிச்சிட்டு வந்துடுவோம். சில நாள் முடியாது. அன்னிக்கு இன்னும் ரெண்டு சுத்து நடப்போம். பூட்டிட்டா நாங்க எங்க போறது?"

நர்சம்மாவுக்குக் காது மடல் சுட்டது. ஊர் நடுவில் வீட்டை இப்படிப் போட்டு உடைத்துவிட்டாளே என்றுதான் முதலில் பொங்கியது. என் பிள்ளையும் மருமகளும் ஒரு வார்த்தை குரலை உயர்த்திப் பேசினதில்லை என்று அவள் சொல்லாத ஆளில்லை. எல்லாம் தன் வளர்ப்பு, தன் வீட்டு ராசி என்று வேறு நினைத்திருந்தாள். தினமும் இருவரும் திரும்பி வரும்போது, படுத்தபடியே "காத்து வாங்கியாச்சா?" என்று கேட்பாள். "ஆச்சு அத்தை" என்று பதில் வரும். சில நாள் அந்தக் குரல் கம்மிப்போயிருக்கும். பனிக்காற்று ஒத்துக்கொள்ளவில்லை என்று எழுந்துபோய் வெந்நீரில் உப்புப் போட்டுக் கொடுத்திருக்கிறாள். அந்தப் பெண்ணும் மறுபேச்சில்லாமல் தொண்டையைக் கொப்பளித்துவிட்டுப் போய்ப் படுத்திருக்கிறாள்.

அடுத்து நர்சம்மாவையே கூப்பிட்டார்கள். நாலு நாளாக மனசுக்குள் ஓட்டிப் பார்த்த பேச்சு, எழுந்து நின்றதும் எங்கோ போய்விட்டது. மருமகள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒன்பதரை வேணாம். பதினொண்ணுன்னு வைங்க" என்றாள். காய்கறிக்காரரிடம் விலை பேசுவது போலத்தான் வந்தது. "மோட்டார் சைக்கிளை உள்ள விடாதீங்க. நடந்து வர்றவங்க பாட்டுக்கு இருந்துட்டுப் போகட்டும்."

மருந்துக்கடைக்காரர் பதறிவிட்டார். "என்ன நர்சம்மா, ஒன்பதரைன்னு நீங்க சொல்லித்தானே எழுதினேன்?"

"சொன்னேன். அப்ப எனக்கு இது தெரியாது."

முடிவை அடுத்த கூட்டத்துக்குத் தள்ளி வைத்தார்கள்.

திரும்பும் வழியில் கணவர் நாலடி முன்னால் நடந்தார். மருமகள் மெதுவாகக் கேட்டாள். "கோவமா அத்தை?"

"கோவம்தான். எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுப் பேசியிருக்கலாம்."

"சொல்லியிருந்தா பேச விட்டிருப்பீங்களா?"

நர்சம்மா நடையை எட்டிப் போட்டாள்.

அன்று சாப்பாடு சீக்கிரமே முடிந்தது. அச்சகத்திலிருந்து வரும் வழியிலேயே மகனுக்கு விஷயம் எட்டியிருந்தது. தட்டைக் கழுவி வைத்தவன் செருப்பைத் தேடவில்லை. மருமகள் காய்ந்த துணியை எடுத்து வைத்து மடித்தாள். மடித்ததையே பிரித்து மறுபடி மடித்தாள். பலகைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து அதையெல்லாம் கேட்டுக்கொண்டிருக்க நர்சம்மாவால் முடியவில்லை. பேத்தி தூங்கிவிட்டாளா என்று பார்த்தாள். போர்வையை இழுத்துவிட்டாள்.

"என்னங்க, எழுந்திரிங்க."

"எங்க?"

"கீழ."

"முட்டி வலிக்குது."

"வலிக்கட்டும். வாங்க."

மூலை பெஞ்சில் வேறு யாரோ இருந்தார்கள். இவர்கள் வேப்பமரத்தடியில் ஒன்றைப் பிடித்தார்கள். கொஞ்ச நேரம் போகிற வருகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அவள் கேட்டாள். "உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும். பின்னால பாக்கற கண்ணாடியப் பாத்துக்கிட்டே காலம் பூரா வண்டி ஓட்டினவன். எவன் எவளோட சண்டை போடறான்னு முகத்தப் பாத்தா தெரியாதா?"

"அப்ப எங்கிட்ட ஏன் சொல்லல?"

"பெருமையாச் சொல்லிட்டுத் திரிஞ்ச. அதைக் கெடுப்பானேன்னு விட்டுட்டேன்."

மேலே அவர்கள் ஜன்னலில் வெளிச்சம் இருந்தது. மருமகளின் கைகள் எழுந்து எழுந்து இறங்கின. மகன் அறைக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்தான். என்ன பேசுகிறார்கள் என்று ஒரு சொல் கீழே விழவில்லை. எதைப் பற்றி இத்தனை நாள் சண்டை போடுகிறார்கள் என்றுகூடத் தனக்குத் தெரியாது என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. தனிக்குடித்தனமா, இன்னொரு பிள்ளையா, தன்னைப் பற்றியேவா.

"உங்க அம்மா வீட்ல இருந்தப்ப நாம எங்க போய்ச் சண்டை போட்டோம்?" என்றாள்.

அவர் யோசித்தார். "நாம போட்டதே இல்லியே."

"இல்ல" என்றாள். பிறகு, "போட வேண்டியது இருந்துச்சு" என்றாள்.

அவர் அவளைப் பார்த்தார். சிரித்து மழுப்பிவிடுவார் என்று நினைத்தாள். அவர் வலிக்கிற காலை இரண்டு கையாலும் பிடித்து நகர்த்தி வைத்துவிட்டு, அவள் பக்கமாக முழுசாகத் திரும்பி உட்கார்ந்தார்.