காலையிலேர்ந்தே

அந்த வீட்டு மருமகளுக்குத் தெருவில் வைத்த பெயர் ‘அப்படின்னா’. வைத்தது யார் என்று கேட்டால் எல்லாரும் அடுத்த வீட்டைக் கைகாட்டுவார்கள். பெயர் பொருந்தவில்லை என்று சொல்லத்தான் ஆள் கிடையாது. “கொஞ்சம் தள்ளிப் போனா கடை” என்று வழி சொன்னால், “கொஞ்சம்னா?” என்று நிற்பாள். “ஒரு நாலு பேர் வராங்க” என்று மாமனார் சொன்ன அன்று நாலு தட்டு, நாலு டம்ளர், நாலு நாற்காலி. வந்து இறங்கியது ஒரு வேன் நிறைய ஆட்கள். அப்போது மாமியாரின் முகம் போன போக்கை மாடிவீட்டம்மா இன்னும் நடித்துக் காட்டுகிறாள், கேட்காதவர்களுக்கும்கூட.

அவளைச் சொல்லியும் குற்றமில்லை. ரெடிமேட் துணி கம்பெனியில் அளவு சரிபார்க்கிற வேலை. கழுத்து, தோள், கை நீளம் என்று நாள் பூராவும் டேப்பை இழுத்து, இழையளவு பிசகினாலும் சட்டையைத் தனியே தூக்கிப் போடுகிறவள். அவள் வீடு திரும்பினால் மாமியார், “அந்த இதை எடுத்து அதுல வச்சிடு” என்பாள். எந்த இது? எந்த அது? மாமியாருக்குத் தெரியும், மாமனாரும் தெரிந்த மாதிரி தலையாட்டுவார். மருமகள் மட்டும் சமையலறை நடுவில் கையைப் பிசைவாள். நடுவில் நின்று விளக்கம் சொல்ல வேண்டிய புருஷன் கப்பல் வேலையில் கடல்மேல் இருந்தான்.

அன்று காலை அவள் வேலைக்குக் கிளம்பும்போதும் அதே கூத்துதான்.

“சீக்கிரம் வந்துடும்மா.”

“சீக்கிரம்னா எத்தனை மணிக்கு அத்தை?”

“சீக்கிரம்னா சீக்கிரந்தான். உன்கிட்ட பேசறதுக்கு ஒரு வக்கீலை வச்சுக்கணும் போல.”

“ஷிஃப்ட் முடிஞ்சு ஆறரைக்குத்தான் வர முடியும். அது சீக்கிரமா, லேட்டா?”

மாமியார் தலைக்குமேல் கையெடுத்துக் கும்பிட்டாள். மருமகள் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினாள். பஸ்ஸில் வழியெல்லாம் உள்ளுக்குள் புழுங்கல். கேட்டதில் என்ன தப்பு? இந்த வீட்டில் ஒரு வார்த்தையாவது சொன்ன இடத்தில் நிற்கிறதா?

கம்பெனியில் மதியத்துக்கு முன்னால் கரண்ட் போனது. ஜெனரேட்டரும் கிளம்பவில்லை. எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அவள் வந்தபோது வாசற்கதவு வெறுமனே சாத்தியிருந்தது. “அத்தை” என்று கூப்பிட்டாள். பதில் இல்லை. சமையலறையில் அலமாரியில் சாய்ந்தபடி தரையில் கிடந்தாள் மாமியார். வாய் ஒரு பக்கமாக இழுத்திருந்தது. வலது கை யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன பொருளைப் போலப் பக்கத்தில் கிடந்தது. கண் மட்டும் மருமகளைப் பிடித்துக்கொண்டது. சத்தம் வந்தது, வார்த்தை வரவில்லை.

ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டு முடிப்பதற்குள் பின்கதவு வழியாக மாமனார் ஓடி வந்தார், காலில் செருப்போடு.

“ஏய்! என்னாச்சு உனக்கு? என்னம்மா ஆச்சு இவளுக்கு?”

“நீங்க எங்க இருந்தீங்க மாமா?”

“இங்கதாம்மா. வீட்லதான் இருந்தேன்.”

அவள் நம்பினாள். யார் எதைச் சொன்னாலும் சொன்னபடியே நம்புவது அவள் வழக்கம். பின்கதவைத் திறந்தால் சந்து, சந்து முனையில் கேரம் கிளப், கிளப்பில் மாமனாருக்கென்று ஒரு நாற்காலி என்பது தெருவுக்கே தெரியும். அவளிடம் யாரும் சொன்னதில்லை, அவளும் கேட்டதில்லை.

ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்து முடிந்ததும் ஒரு டாக்டரம்மா வேகமாக வந்தாள். சின்ன வயசு. வார்த்தைகளை எண்ணி எண்ணிப் பேசினாள்.

“மூளைக்குப் போற ரத்தக்குழாய்ல அடைப்பு. கரைக்கறதுக்கு ஊசி இருக்கு. ஆரம்பிச்சு நாலரை மணி நேரத்துக்குள்ள போட்டாகணும். தாண்டிப் போச்சுன்னா மூளைக்குள்ள ரத்தம் கசியற ஆபத்து, போடமாட்டோம். இப்ப மணி ஒண்ணேகால். இவங்களுக்கு எப்ப ஆரம்பிச்சுது?”

“காலையிலேர்ந்தே சரியில்ல டாக்டர்” என்றார் மாமனார்.

டாக்டரம்மாவின் பேனா நின்றது.

“நான் கிளம்பறப்ப ஏழே முக்கால்” என்றாள் மருமகள். “நல்லா பேசினாங்க. என்னைக் கிண்டல்கூட பண்ணாங்க.”

“அதுக்கப்புறம்?”

“அதுக்கப்புறந்தான். காலையிலேர்ந்தே ஒரு மாதிரிதான் இருந்தா” என்று மாமனார் இழுத்தார்.

“அப்ப ஊசி போட முடியாது.” டாக்டரம்மா திரும்பி நடந்தாள். இரண்டடி போய் நின்றாள். “கடைசியா எப்ப நல்லா இருந்தாங்கன்னு திட்டவட்டமா தெரிஞ்சா உடனே வாங்க. ஊகம் வேண்டாம்.”

மருமகளுக்கு மயக்கமே வரும் போலிருந்தது. உலகத்தில் தன்னைப் போலவே கேட்கிற ஒருத்தியைக் கடைசியில் பார்த்துவிட்டாள். பார்த்த இடம்தான் இப்படி. மாமனாரை நடைபாதை ஓரத்துக்குத் தள்ளிக்கொண்டு போனாள்.

“காலையிலேர்ந்துன்னா எப்பலேர்ந்து மாமா?”

“காலையிலேர்ந்துதாம்மா.”

“நீங்க சாப்பிட உட்கார்ந்தப்பவா?”

“ஆமா... அப்பவும்.”

“தட்டு வச்சது யாரு?”

“அவதான்.”

“எந்தக் கையால?”

“என்னம்மா இது, போலீஸ் ஸ்டேஷனா? அவ உள்ள கிடக்கறா, நீ கை எது கால் எதுன்னு நோண்டிக்கிட்டிருக்க!” அவர் போட்ட சத்தத்தில் பெஞ்சில் தூங்கிக்கொண்டிருந்த ஒருவர் எழுந்து உட்கார்ந்தார். எதிர் வரிசையில் இருந்தவர்கள் பேச்சை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டார்கள்.

“எந்தக் கையால மாமா?”

அவர் கண் எங்கோ போனது. “வலது கையாலதான். இன்னும் வேணுமான்னு கேட்டா. போதும்னேன். இளைச்சுப் போறீங்கன்னா.”

“அப்ப நல்லாத்தானே இருந்திருக்காங்க! அப்புறம்?”

மாமனார் பெஞ்சில் உட்கார்ந்தார். முகத்தில் ஈயாடவில்லை.

“அப்புறம் எனக்குத் தெரியாதும்மா. சாப்பிட்ட கையோட கிளப்புக்குப் போயிட்டேன். மருமக வந்துட்டான்னு ஒருத்தன் சொன்னான், ஓடி வந்தேன். வீட்லயே இல்லைன்னு அந்த டாக்டர் பொண்ணுகிட்ட எப்படிச் சொல்றது? கட்டினவன்னு ஒருத்தன் இருந்தும்...” மீதியை மென்று முழுங்கினார். “மாடிவீட்டம்மாவைக் கேளு. அவளுக்குத் தெரியாம அந்தத் தெருவுல பல்லிகூட கத்தாது” என்றார்.

மாடிவீட்டம்மா முதல் மணியிலேயே போனை எடுத்தாள். ஆம்புலன்ஸ் போனதிலிருந்து அதைக் கையிலேயே வைத்திருந்தாளோ என்னவோ.

“அக்கா, இன்னிக்கு அத்தைகிட்ட பேசினீங்களா?”

“நானா? இல்லையேம்மா. பாத்தே ரெண்டு நாளாச்சு. எப்படி இருக்காங்க? கேட்டதுலேர்ந்து எனக்கு உடம்பே நடுங்குது.”

பார்த்தே ரெண்டு நாள். வேறு யாரைக் கேட்பது? “சரிக்கா, வைக்கறேன்” என்று போனை அணைக்கக் கட்டைவிரலைக் கொண்டுபோய்விட்டாள்.

“இரு இரு” என்றது போன். “யாராவது ஏதாவது சொன்னாங்களா? இந்தத் துணி விஷயமா நான் ஒண்ணுமே பேசலை, ஆமா.”

விரல் நின்றது.

“நான் துணியைப் பத்திக் கேட்கவே இல்லையே அக்கா.”

மாடிவீட்டம்மா இருமினாள்.

“அக்கா, நீங்க இன்னிக்கு அத்தைகூட சண்டை போட்டிருந்தா அவங்க பிழைக்கலாம்.”

“என்னடி உளர்றே?”

“போட்டீங்களா, இல்லையா?”

“...போட்டேன். என் துணி சொட்டி அவங்க துணி நனைஞ்சுதாம். அதுக்கு அப்படி ஒரு பேச்சு.”

“வாய் குழறுச்சா?”

“குழறலா? என் பொறந்த வீட்லேர்ந்து ஆரம்பிச்சு கோர்வையா வந்தாங்கம்மா. நடுவுல மூச்சுகூட விடல. ரெண்டு கையையும் வேற நீட்டி நீட்டி.”

“ரெண்டு கையுமா? உறுதியா சொல்லுங்க.”

“ரெண்டும்தான். ஒரு கையில பக்கெட்டு.”

“எப்ப?”

“அப்பதான். வெயில் நல்லா ஏறினப்புறம்.”

“வெயில் வேண்டாம்க்கா. மணி!”

“மணியை யாருடி பாத்தா? பொண்ணுகிட்ட போன்ல பேசிட்டிருந்தேன். இந்தம்மா கீழேர்ந்து ஆரம்பிக்கவும், இருடி, ஒரு பதில் குடுத்துட்டு வரேன்னு வச்சேன்.”

மருமகள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். “இந்த லைனை வைக்காம, பொண்ணுகிட்ட கடைசியா பேசினது எத்தனை மணின்னு பாருங்க. அது எத்தனை நிமிஷம்னும் போட்டிருக்கும்.”

மூக்குக்கண்ணாடியைத் தேடுகிற சத்தம். பெருமூச்சு. பதினொன்றுக்கு ஆரம்பித்த பேச்சு, பத்து நிமிஷம் ஓடியிருந்தது. பதினொன்று பத்து. இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள். அதே பதினொன்று பத்து. நாலரை மணி நேரம் தாண்டவில்லை.

“ஏம்மா” என்றாள் மாடிவீட்டம்மா, குரல் இறங்கிப்போய். “நான் சண்டை போட்டதாலதான் இப்படி ஆச்சா?”

வேறு யாராவதாக இருந்தால் சேச்சே என்றிருப்பார்கள். “தெரியலக்கா” என்றாள் மருமகள். போனைக் காதில் வைத்தபடியே ஓடினாள்.

டாக்டரம்மா போனை வாங்கித் தானே கேட்டாள். மாடிவீட்டம்மாவுக்கு டாக்டர் என்றதும் நாக்கு இன்னும் அவிழ்ந்தது. தன்னை ‘சொட்டுத்துணி மகாராணி’ என்று வைததுவரை சொல்லிவிட்டாள்.

“அந்த வார்த்தையைத் திக்காம, முழுசா சொன்னாங்களா?” என்று கேட்ட டாக்டரம்மாவின் முகத்தில் சிரிப்பின் நிழல்கூட இல்லை.

“ஒரு எழுத்து விடல டாக்டர். தெருவே கேட்டுது.”

பிறகு எல்லாம் ஓட்டமாக நடந்தது. ஊசியால் ரத்தம் கசியலாம், உயிருக்கே ஆபத்தாகலாம், போடாவிட்டால் கையும் பேச்சும் திரும்பாமல் போகலாம் என்று டாக்டரம்மா ஒவ்வொன்றாக மாமனாரிடம் சொன்னாள். அவர் மருமகளைப் பார்த்தார்.

“என்னம்மா பண்ணலாம்?”

“போடலாம் மாமா. ஆனா சரியாயிடும்னு அவங்க சொல்லல.”

“சொல்லல” என்றார் அவர். கையெழுத்துப் போட்டார். கோடு தாண்டிப் போனது எழுத்து.

சாயங்காலம்வரை ஆஸ்பத்திரிக்காரர்கள் ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. பார்க்கவந்த இரண்டு சொந்தக்காரர்கள் எல்லாம் நல்லபடியா நடக்கும் என்று தோளைத் தட்டிவிட்டுப் போனார்கள். அந்த நல்லபடி எந்தப்படி என்று கேட்க மருமகளுக்கும் தெம்பில்லை. ஒவ்வொரு முறை கதவு திறக்கும்போதும் இரண்டு பேரும் சேர்ந்தே எழுந்தார்கள், சேர்ந்தே உட்கார்ந்தார்கள். ரத்தம் கசிந்திருந்தால் இந்நேரம் வந்து சொல்லியிருப்பார்கள் என்று அவர் ஒருமுறை ஆரம்பித்தார்; அவள் கதவையே பார்த்துக்கொண்டிருந்ததால் விட்டுவிட்டார்.

வெளிச்சம் ஜன்னலை விட்டு இறங்கும் நேரத்தில் நர்ஸ் உள்ளே கூப்பிட்டாள். மாமியாரின் வாய்க் கோணல் கொஞ்சம் தணிந்திருந்ததா, இல்லை பார்க்கிற ஆசையா என்று மருமகளால் தீர்மானிக்க முடியவில்லை. நர்ஸ் குனிந்தாள். “அம்மா, வலது கையைத் தூக்குங்க பாப்போம்.”

ஒன்றும் நடக்கவில்லை. மாமனார் கட்டில் கம்பியைப் பிடித்தார். நர்ஸ் இன்னொரு தடவை சொன்னாள். விரல்கள் போர்வையைச் சுரண்டின. மணிக்கட்டு அசைந்தது. பிறகு கை, நடுங்கிக்கொண்டு, மேலே எழுந்தது, அந்தரத்தில் நின்றது, தொப்பென்று விழுந்தது.

அந்த நேரம் பார்த்து மாமனாரின் சட்டைப் பையில் போன் அடித்தது. கப்பலிலிருந்து மகன். மத்தியானத்திலிருந்து முயன்று இப்போதுதான் லைன் கிடைத்திருக்கிறது. “அப்பா, அம்மா எப்படி இருக்காங்க? உள்ளதைச் சொல்லுங்க” என்று அவன் கத்துவது கட்டிலுக்கு இந்தப் பக்கமும் கேட்டது.

மாமனார் போனைக் கையால் பொத்திக்கொண்டு மருமகள் பக்கம் திரும்பினார்.

“எவ்வளவும்மா தூக்கினா?”

அவள் கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் விரித்துக் காட்டினாள்.

“ஒரு சாணுடா” என்றார் அவர் போனில். கண்ணைத் துடைக்கக்கூடத் தோன்றவில்லை. “கேக்குதா? உங்கம்மா ஒரு சாண் தூக்கினா. இன்னும் பேசலடா. ஆனா ஒரு சாண் தூக்கினா.”