பெல்ட்டுக்கு ஒரு தட்டி

எண்பத்தேழு செப்டம்பரில், இடஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல் நடந்தபோது, கள்ளக்குறிச்சிப் பக்கம் ஒரு வாரம் லாரியே ஓடவில்லை. ரோடு நெடுக மரங்களை வெட்டிப் போட்டிருந்தார்கள். தெய்வசிகாமணியின் மல்லாட்டை மில்லும் மூடிக் கிடந்தது.

அங்கே நிலக்கடலை உடைக்கும் மிஷினில் வேலை செய்யும் ஜெயம்மாளுக்கு அந்த ஒரு வாரம் போதுமென்று பட்டது. பத்து நாளுக்கு முன்னால் கூட வேலை செய்த ஆண்டாளின் முந்தானையை மோட்டார் பெல்ட் இழுத்துக்கொண்டது. ஜெயம்மாள் ஓடிப் போய் சுவிட்சை அணைப்பதற்குள் ஆண்டாளின் வலது கை முறிந்துவிட்டது. பெல்ட்டைச் சுற்றி ஒரு தடுப்பு போடச் சொல்லி ஜெயம்மாள் அன்றைக்கே கேட்டாள். சீசனில் மிஷினை நிறுத்த முடியாது என்று முதலாளி சொல்லிவிட்டார்.

இப்போது அவர் வீட்டு வாசலில் போய் நின்றாள்.

“மிஷின் நின்னுதானே கெடக்குது. இப்ப போட்டுடலாங்க.”

“தகடு யாரு கொண்ணாருவா? ரோடு கெடக்கிற கெடப்பு தெரியாதா?”

“தகடு வாணாங்க. மலையிலேர்ந்து கொண்ணாந்த மூங்கில் எங்க வூட்ல இருக்குது. வூட்டுக்காரரு தட்டி கட்டுவாரு. சாவி மட்டும் குடுங்க.”

“பெல்ட் அடிக்கடி கழண்டுக்கும். தட்டி கட்டிட்டா எப்பிடி மாட்டுறது?”

“கதவு வெச்சிக்கலாம். மோட்டார நிறுத்திட்டுத் தெறந்தா ஆச்சு.”

அவர் சாவியைக் கொடுத்தார். ஜெயம்மாளும் அவள் புருஷன் அம்மாசியும் இரண்டு நாளில் தட்டியைக் கட்டி நிறுத்தினார்கள். பெல்ட்டைக் கையால் ஓட்டிப் பார்த்தபோது ஓரத்தில் உரசியது. பிரித்து, ஒரு சாண் தள்ளி மறுபடி கட்டினார்கள்.

மில் திறந்த அன்றே பெல்ட் கழன்றது. மிஷின் ஓட்டும் முனியன், பழக்க தோஷம், மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும்போதே கதவைத் திறந்து கையை நீட்டினான். ஜெயம்மாள் போய் சுவிட்சை அணைத்தாள்.

“இன்னா பண்ற நீ? வேல நிக்குது பாரு,” என்றான் முனியன்.

“நிக்கட்டும். நிறுத்தாம நீ கை வெச்சா நாங்க யாரும் இங்க ஒக்கார மாட்டோம்.”

அங்கே கடலை புடைத்துக்கொண்டிருந்த மற்ற ஏழு பெண்களும் முறத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றார்கள். சத்தம் நின்றதும் தெய்வசிகாமணி வந்து பார்த்தார்.

“நிறுத்திட்டே மாட்டுடா முனியா,” என்றார்.

மூன்று நாள் முனியன் ஜெயம்மாளோடு பேசவில்லை. நான்காம் நாள் பெல்ட் கழன்றபோது, யாரும் சொல்லாமலே சுவிட்சை அணைத்துவிட்டு வந்து கதவைத் திறந்தான்.