மூன்றாவது மருந்துக்கு என்ன வேலை

பெனிட்டாவுக்கு டாக்டர் எழுதிக்கொடுத்த மருந்துகள் மூன்று பேரும் திங்கட்கிழமை காலை ஒரே ஆட்டோவில் வந்து இறங்கினார்கள். செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, கால் கழுவி, சாப்பிட உட்கார்ந்தார்கள். கூட்டு மருந்து சேர்ந்துதான் வரும், கொழுப்புச் சேர்த்துச் சாப்பிடாமல் வேலையில் இறங்காது என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். பெனிட்டாவின் அம்மா கிளமென்சி நெய் தோசை வார்த்துப் போட்டாள். சாப்பிட்டு முடிந்ததும் பெனிட்டா வாயைத் திறந்தாள். மூவரும் தலையைக் குனிந்து ஒருவர் பின் ஒருவராக உள்ளே போனார்கள்.

பெனிட்டாவுக்கு இருந்தது சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்ற பிறவி நோய். பிறந்ததிலிருந்தே அவளை முத்தமிட்டால் உப்புக் கரிக்கும். வேறு ஊராக இருந்தால் அப்போதே யாராவது என்னவென்று கேட்டிருப்பார்கள். தூத்துக்குடியில் காற்றே உப்பு, சன்னல் கம்பியே உப்பு. குழந்தை மட்டும் இனிக்குமா என்று எல்லோரும் இருந்துவிட்டார்கள். அவள் நெஞ்சுக்குள் இருந்த சின்னச் சின்னக் கதவுகள் கோணிப்போயிருந்தன. உப்பும் தண்ணீரும் போக வழியில்லாமல் சளி பசையாகக் கட்டிக்கொண்டது. நாலு எட்டு வைப்பதற்குள் இருமல் பிடித்துக்கொள்ளும். பிள்ளைகள் ஓடுவதை அவள் சன்னல் வழியாகத்தான் பார்த்திருக்கிறாள். அந்தக் கதவுகளைச் சரிசெய்யத்தான் மூவரும் வந்திருந்தார்கள்.

பெனிட்டாவின் அப்பா சூசைமாணிக்கம் உப்பு லாரிகள் ஏறும் எடைமேடையில் வேலை பார்த்தார். எந்த லாரியையும் அவர் நம்பியதில்லை. எடையைக் கூட்டிக் காட்டுவதற்கென்றே ஓர் ஆள் சீட்டுக்குப் பின்னால் படுத்துக்கொண்டு வருவான் என்பது அவர் அனுபவம். வீட்டுக்கு வந்தாலும் அந்தக் கண்ணை அவரால் கழற்றி வைக்க முடிவதில்லை.

எனவே மகளின் வாய்க்குள் டார்ச் அடித்துப் பார்த்தார். முதலாமவர் கோணிய கதவுகளைத் தட்டி நிமிர்த்திக்கொண்டிருந்தார். இரண்டாமவர் மிச்சக் கோணலை எடுத்து, தூக்கிக்கொண்டுபோய் வாசலில் மாட்டினார். இருவருக்கும் வியர்த்து ஊற்றியது. மூன்றாமவர் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். மறுநாளும் நின்றார். தோசைக்கு இன்னொரு கரண்டி நெய் கேட்பவரும் அவர்தான். போதாக்குறைக்கு, மற்ற இருவரும் வராத சாயங்காலத்திலும் தனியாக வந்து உட்கார்ந்தார். டாக்டர் சொல்லித்தான் வருவதாகச் சொன்னார். சூசைமாணிக்கத்துக்கு அது இன்னும் உறுத்தியது. பெனிட்டாவின் இருமல் குறைந்துவந்ததை அவர் வியர்வை சிந்திய இருவரின் கணக்கில்தான் சேர்த்தார்.

“நீரு என்னவே வேலை பாக்கீரு?” என்று ஒருநாள் கேட்டேவிட்டார்.

“கதவு மூடிராம பிடிச்சிக்கிட்டு நிக்கேன், அண்ணாச்சி.”

“அதுக்கு ஒரு ஆளா? ஒரு கல்ல முட்டுக் குடுத்தா நிக்காதா?”

நாளையிலிருந்து வர வேண்டாம் என்று சூசைமாணிக்கம் சொன்னதும் மூன்றாமவர் கையைக் கழுவிக்கொண்டு, செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் செய்திருக்கலாமே என்றாள் கிளமென்சி. லாரியில் படுத்திருப்பவனைப் பற்றி டிரைவரிடமே கேட்பாயா என்று சொல்லி அவள் வாயை அடைத்தார்.

மறுநாள் முதலாமவர் கையில் ஒரு கல்லைக் கொடுத்தனுப்பினார். கல் வழுக்கிக்கொண்டே இருந்தது. இருவரும் குறை சொல்லாமல் வேலை பார்த்தார்கள். கதவுகள் நிமிர்ந்தன, வாசல்களில் வரிசையாக ஏறின, ஒன்றுவிடாமல் மூடிக்கொண்டன. ஞாயிற்றுக்கிழமை பூசைக்குக் கிளம்பும்போது பெனிட்டாவின் உதடு நீலம் பாரித்திருந்தது. ஒவ்வொரு மூச்சுக்கும் விலா எலும்பு எழும்பி எழும்பி இறங்கியது. சூசைமாணிக்கத்துக்கு வாழ்க்கையில் முதல்முறையாகத் தன்மேலேயே சந்தேகம் வந்தது. மற்ற சந்தேகங்களைப் போல அது தெம்பு தரவில்லை.

மூன்றாமவரைத் தேடிக் கடற்கரைக்கு ஓடினார். அங்கே மணலில் சுவர் இல்லாமல் ஒரு கதவு தனியாக நின்றது. அதைப் பிடித்துக்கொண்டு அவர் நின்றார். கடல் வந்துபோக இந்தக் கதவுக்கு ஆள் தேவைப்பட்டது, வேலை போன அன்றே சேர்ந்துவிட்டேன் என்றார்.

“தப்பு என் பேருலதான். வீட்டுக்கு வாரும். புள்ள மூச்சுவிட முடியாம கெடக்கா.”

“வாரேன், அண்ணாச்சி. இத யாரு பிடிப்பா?”

சூசைமாணிக்கம் சுற்றுமுற்றும் பார்த்தார். யாரும் இல்லை. கதவைத் தானே வாங்கிப் பிடித்துக்கொண்டார். மூன்றாமவர் விறுவிறுவென்று ஊருக்குள் நடந்தார். லாரியைப் பார்த்தே எடை சொல்கிற சூசைமாணிக்கத்துக்கு இந்தக் கதவின் எடை மட்டும் பிடிபடவில்லை. தோள் விட்டுப்போனது. கை மாற்றக்கூட அவர் பயந்தார்.

அவர் அங்கேயே நிற்க, சில நாளில் எடைமேடைக்கு வேறு ஆள் போட்டுவிட்டார்கள். கிளமென்சி சோற்றைக் கொண்டுவந்து ஊட்டிவிட்டுப் போவாள். பிள்ளை பரவாயில்லை என்பாள். சும்மா ஆறுதலுக்குச் சொல்கிறாளோ என்று அவர் அவள் முகத்தையே உற்றுப் பார்ப்பார்.

ஒருநாள் காலை மணலில் காலடிச் சத்தம் கேட்டது. பெனிட்டா சீருடையில், முதுகில் பை குதிக்க, ஓடி வந்தாள். நிற்கவில்லை, இருமவில்லை.

“மூடிராதீங்கப்பா,” என்று சொல்லிக்கொண்டே கதவு வழியாக ஓடிப் பள்ளிக்கூடத்துப் பக்கம் போய்விட்டாள்.

சூசைமாணிக்கத்துக்கு அழுகை வந்தது. துடைக்கக் கையை எடுக்க முடியாததால் கண்ணீரை அப்படியே விட்டுவிட்டார்.

அவளுக்குப் பின்னாலேயே கடல் வந்து நின்றது. தானும் பள்ளிக்கூடத்துக்குத்தான் போவதாகச் சொன்னது. அவர் அதை மேலும் கீழும் பார்த்துவிட்டு, ஒதுங்கி வழிவிட்டார்.