அறுபது வயது ஆண்

பல் டாக்டரம்மாவின் கிளினிக்குக்குப் பின்னால் நீளமாக ஓர் அறை. ஜன்னல் ஒன்று, குழாய் ஒன்று, சுவர் முழுக்க மரத் தட்டுகள். தட்டுகளில் வரிசை வரிசையாகப் பற்கள். நோயாளிகளின் வாயில் அளவெடுத்து வெள்ளை மாவில் வார்த்த அச்சுகள், நூற்று நாற்பதுக்குக் குறையாது. புதிதாக உள்ளே வருகிறவர்கள் ஓரடி பின்வாங்கிவிட்டுத்தான் பேச ஆரம்பிப்பார்கள். பதினாறு வருஷமாக அங்கே உட்கார்ந்து பல் செட் செய்துகொண்டிருந்தவளைத் தெருவே பல்லக்கா என்று கூப்பிட்டது.

ஆளைப் பார்க்காமல் அச்சை மட்டும் பார்த்து வயது சொல்வது அவளுக்கும் டாக்டரம்மாவுக்கும் ஒரு விளையாட்டு. "நாப்பத்திரெண்டு. கோவக்காரி. இடது பக்கமாவே மெல்லுவா" என்பாள் பல்லக்கா. டாக்டரம்மா சீட்டை எடுத்துப் பார்த்துவிட்டு, தோற்றதற்கு டீ வாங்கிவரச் சொல்லுவார். பல்லக்கா தோற்று யாரும் பார்த்ததில்லை.

வீட்டில் அவளுக்கு இருந்தது ஒரே தம்பி. அவளைவிடப் பதினொரு வயது சின்னவன். குழந்தையில் புசுபுசுவென்று இருந்ததால் குண்டன். இருபத்தொன்பது வயதிலும் அதே பெயர்தான், அதே உடம்புதான். பார்சல் குடோனில் வேலை. ஒரு நாள் இரட்டை ஷிஃப்ட் முடித்து வந்தவன், களைப்பே இல்லாமல் சட்டை துவைக்க உட்கார்ந்தான்.

"என்னடா, பேய் புடிச்சிருக்கா?"

"மாத்திரைக்கா. கூட வேலை செய்யறவன் குடுத்தான். தூக்கம் வராது, பசிக்காது, அவ்வளவுதான். காபி மாதிரி."

"காபியை யாராவது காகிதத்துல மடிச்சு சாக்ஸுக்குள்ள வெச்சுப்பாங்களாடா?"

இரண்டு பேரும் சிரித்தார்கள்.

முதல் மாதம் நன்றாகத்தான் இருந்தது. இதை அவள் பிற்பாடு யாரிடமும் சொல்லவில்லை. வருஷக்கணக்காகத் தூசி தட்டாத மின்விசிறியை இறக்கித் துடைத்தான். அம்மா கட்டிய ஒவ்வொரு புடவையின் நிறத்தையும் ஞாபகமாகச் சொன்னான். பேசிக்கொண்டே இருந்தான். இத்தனை நாள் எங்கே ஒளித்துவைத்திருந்தான் இந்தத் தம்பியை என்று அவளுக்குத் தோன்றியது.

அப்புறம் ஒரு காலையில் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வந்தான். "அக்கா, தாடை விட்டுப்போகுது. என்னை அறியாமலே பல்லைக் கடிக்கிறேன்."

வேறு எந்த அக்காவாக இருந்தாலும் மாத்திரையைப் பிடுங்கி எறிந்திருப்பாள். இவள் பல்லக்கா. பல் வலிக்கிறது என்றால் பல்லைத்தான் பார்த்தாள். அளவெடுத்து அச்சு வார்த்தாள், பற்கள் ஒன்றோடொன்று உரசாமல் இருக்க அழகாக ஒரு பிளாஸ்டிக் உறை செய்து மாட்டினாள். வலி போயிற்று. வலி போனதும் மாத்திரை ஒன்று இரண்டாயிற்று. மூன்றே வாரத்தில் உறை ஓட்டையாகி வந்தது. அவள் இன்னும் தடிமனாக ஒன்று செய்தாள்.

இரண்டாவது அளவில் வார்த்த அச்சு மேஜைமேல் காய்ந்துகொண்டிருந்தபோது டாக்டரம்மா உள்ளே வந்தார். கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"யாரு இது? அம்மி மாதிரி அரைச்சிருக்கே. என்ன வயசு?"

தம்பியிடம் அவள் வாக்குக் கொடுத்திருந்தாள். டாக்டர் காதுக்குப் போனால் குடோனுக்குப் போகும், குடோனுக்குப் போனால் சீட்டைக் கிழித்துவிடுவார்கள் என்று அழாத குறையாகக் கேட்டிருந்தான்.

"வெளியிலிருந்து வந்த வேலை, டாக்டரம்மா. அறுபது இருக்கும்."

"அறுபதுன்னா சரி. ஆயுசு முழுக்கக் கடிச்சே தீத்திருக்கார் மனுஷன். சின்ன வயசா இருந்திருந்தா கையோட கூட்டிட்டு வரச் சொல்லியிருப்பேன். இந்த மாதிரி தேய்ஞ்சா, வாய்க்குள்ள என்ன போகுதுன்னு கேக்கணும்."

உண்மை நாக்கு நுனிவரை வந்தது. அவள் பென்சிலை எடுத்துச் சீட்டில் 'ஆண், 60' என்று எழுதி அச்சில் ஒட்டினாள். பதினாறு வருஷத்தில் அவள் தப்பாகச் சொன்ன முதல் வயது.

அதற்குப் பிறகு குண்டன் குண்டனாக இல்லை. பெல்ட்டில் ஆணியால் புது ஓட்டை போட்டான், இன்னொன்று போட்டான். பட்டப்பகல் வெளிச்சத்திலும் கண்மணிகள் விரிந்து, கண்ணே கறுப்பாகத் தெரிந்தது. கழுத்து நரம்பு துடிப்பதை எதிரே உட்கார்ந்து எண்ணலாம். சும்மா இருக்கும்போதே வேர்த்தது. ரேடியோவை, பூட்டை, தையல் மிஷினைக் கழற்றித் திருகாணிகளை அளவு வாரியாகத் தரையில் அடுக்கினான். ஒன்றையும் திரும்ப மாட்டவில்லை. தோலுக்கடியில் எறும்பு ஓடுகிறது என்று முழங்கையைச் சொறிந்து புண்ணாக்கினான். மாத்திரை கிடைக்காத நாட்களில் அடித்துப் போட்டதுபோல் இரண்டு நாள் தூங்கினான். அப்போது அவள் மூக்கருகே விரல் வைத்து மூச்சு வருகிறதா என்று பார்ப்பாள்.

ஒரு நாள் மதியம் அவள் அறைக்கே வந்தான். தட்டுகளுக்கு முன்னால் வெகுநேரம் நின்றான்.

"அக்கா, இவங்களை நீ பேச விட்டிருக்கக் கூடாது."

"யாரைடா?"

"நீ குனிஞ்சு வேலை பாக்கும்போது வாயைத் திறக்கிறாங்க. நிமிந்தா மூடிக்கிறாங்க."

விளையாடுகிறான் என்று சிரித்தாள். அவன் சிரிக்கவில்லை. ஒவ்வோர் அச்சாக எடுத்துச் சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்தான், தூங்கும் குழந்தையைப் புரட்டுவதுபோல் பதமாக. நூற்று நாற்பதும் முதுகைக் காட்டி நின்றன. கடைசித் தட்டில் ஓர் அச்சைக் கையில் எடுத்தவன் அப்படியே நின்றுவிட்டான்.

"இந்தக் கிழவன் யாரு?"

சீட்டு அவன் விரல்களுக்கு நடுவில் தெரிந்தது.

"வெளி ஆளுடா. உனக்குத் தெரியாது."

"எனக்குத் தெரியும்கா. நம்ம வீட்டுலதான் இருக்கான். நான் கண்ணை மூடினா என் வாய்க்குள்ள வந்து உக்காந்து கடிக்க ஆரம்பிக்கிறான்." நாக்கால் தன் பற்களைத் தடவிப் பார்த்தான். அச்சின் பற்களை விரலால் தடவினான். மறுபடி நாக்கு, மறுபடி விரல். "அதே பல்லு."

அது நீதான் என்று சொல்லியிருக்கலாம். அவள் சொல்லவில்லை. அவன் அச்சைச் சுவர்பக்கம் திருப்பி வைத்துவிட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டான். கை கொதித்தது.

"அக்கா, போதும். டாக்டரம்மாகிட்ட வரேன். எல்லாத்தையும் சொல்லிடறேன். இப்பவே கூட்டிட்டுப் போ."

டாக்டரம்மா பக்கத்து அறையில்தான் இருந்தார். எட்டடி தூரம். ஆனால் அந்த அறுபதை எப்படி எடுத்துச் சொல்வது என்று யோசிக்க அவளுக்கு ஒரு நாள் வேண்டியிருந்தது.

"நாளைக்குக் காலையில பத்து மணிக்கு வாடா. கூட்டமே இருக்காது. நானே உள்ள கூட்டிட்டுப் போறேன்."

மறுநாள் எட்டு மணிக்கு அவள் கிளம்பும்போதே அவன் ஷூ போட்டுத் தயாராக உட்கார்ந்திருந்தான்.

"என்னோடவே வாயேன்டா."

"நீ போக்கா." குரலைத் தணித்தான். "அவன் இன்னும் தூங்கல. தூங்கினதும் நைசா கிளம்பி வந்துடறேன்."

பத்து அடித்தது. பத்தே கால். வாசலுக்கும் அறைக்குமாக நடந்தாள். பத்தரைக்கு முன்னறையில் போன் மணி அடித்தது. டாக்டரம்மா பேசுவது கதவு வழியே கேட்டது. ஆமா, எங்க கிளினிக்தான். எந்த பஸ் ஸ்டாப்பு? ஐயோ பாவம்.

பிறகு கதவு திறந்தது.

"பல்லக்கா, உன் அறுபது வயசு ஆளு ரெண்டு ஸ்டாப் தள்ளி விழுந்துட்டாராம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோறதுக்குள்ள உயிர் போயிடுச்சாம். பையில நம்ம உறை டப்பா மட்டும்தான் இருந்துச்சாம், அதுல நம்ம நம்பர். சொந்தக்காரங்க யாரு, தெரியுமா உனக்கு?"

பல்லக்கா கடைசித் தட்டைப் பார்த்தாள்.

"இருபத்தொம்பது" என்றாள்.

"என்னது?"

"இருபத்தொம்பது வயசு, டாக்டரம்மா. என் தம்பி."

ஆஸ்பத்திரியில் அவன் மணிக்கட்டில் ஒரு சீட்டு கட்டியிருந்தார்கள். 'ஆண், வயது சுமார் 60.' எழுதியவனிடம் அவள் சண்டை போடவில்லை. ஒட்டிய கன்னத்தையும் உள்ளே போன கண்ணையும் தேய்ந்த பல்லையும் பார்த்தால் அவளே அப்படித்தான் எழுதியிருப்பாள். இதயம் மாதக்கணக்காக நிற்காமல் ஓடி, ஓட முடியாமல் நின்றிருக்கிறது என்று அங்கிருந்த டாக்டர் சொன்னார். அவன் தாடை அப்போதும் இறுகியே இருந்தது.

பத்து நாள் கழித்து அவள் தன் அறையைத் திறந்தாள். அச்சுகள் எல்லாம் அவன் வைத்தபடியே சுவரைப் பார்த்து நின்றன. கடைசித் தட்டில் ஒன்று மட்டும் அறையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"நீங்க எடுத்துப் பாத்தீங்களா, டாக்டரம்மா?"

"நான் உள்ளயே வரலையேம்மா. சாவி உன்கிட்டதானே இருந்தது."

அவள் பென்சிலை எடுத்துச் சீட்டில் அறுபதை அடித்து, இருபத்தொன்பது என்று எழுதினாள். மற்றவை அனைத்தையும் ஒவ்வொன்றாக இந்தப்பக்கம் திருப்பி வைத்தாள். சாயங்காலம் ஆயிற்று. பிறகு குனிந்து வேலை பார்க்க உட்கார்ந்தாள். ராத்திரி வெகுநேரம்வரை நிமிரவில்லை. அவன் ஏதாவது சொல்ல வந்தால் சொல்லி முடிக்கட்டும் என்றிருந்தாள்.