இருபத்திரண்டாம் நாள் ஒயின்

துறைமுகத்தில் எங்கள் பெட்டி மட்டும் ஸ்கேனருக்குள் போய்விட்டு மறுபடியும் பின்னால் வந்தது. திரையைப் பார்த்துக்கொண்டிருந்தவர் பட்டனை அழுத்தி இன்னொரு முறை உள்ளே இழுத்தார். அவர் கண்ணில் பட்டது எதுவென்று எனக்குத் தெரியும். என் அரக்குப் பட்டுப்புடவைக்கு நடுவில், இரண்டு துண்டைச் சுற்றி, பச்சைக் குழந்தையைப் போலப் படுக்கவைத்திருந்தேன் என் ஒயின் பாட்டிலை.

"யாரோட பேக் இது?" என்று ஒரு பெண் கேட்டாள். சட்டையில் ஷ்ரேயா என்று பெயர்ப்பட்டை குத்தியிருந்தது.

என் வீட்டுக்காரர் லாரன்ஸ் வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். மூடியில் அவர் செய்திருந்த கைவேலையைப் பற்றிக் கேட்டால் அவருக்குப் பொய் சொல்ல வராது. சொல்ல நினைத்தாலே காது சிவந்துவிடும்.

"என்துதாம்மா. ஒயினு. வூட்ல நானே போட்டது. ரூம்ல குந்தி குடிக்கலாம்னு எட்தாந்தேன்."

வரிசையில் பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். சிரிக்கட்டும். தங்குகிற அறையில் குடிக்க, ஆளுக்கு ஒரு ஒயின் பாட்டில், சீல் பிரிக்காதது, கொண்டுவரலாம் என்று கப்பல்காரர்களே வாட்சப்பில் அனுப்பியிருந்தார்கள். கடையில் வாங்கியதா வீட்டில் போட்டதா என்று அதில் ஒரு வார்த்தை இல்லை. இருந்தாலும் எதற்கு வம்பு என்று லாரன்ஸ் முந்தின நாள் உட்கார்ந்து வேலை பார்த்திருந்தார். கார்க்கை மரச்சுத்தியால் தட்டி இறக்கி, பைப் ஓட்டை அடைக்கிற எம்சீலை அதைச் சுற்றி அப்பி, காய்ந்ததும் உப்புக்காகிதம் போட்டுத் தேய்த்து, மேலே தங்கக் கலர் எனாமல் இரண்டு கோட்டிங். முப்பது வருஷமாகக் கதவுக்கும் கிராதிக்கும் பெயிண்ட் அடிக்கிற கான்ட்ராக்டருக்கு ஒரு பாட்டில் கழுத்து எம்மாத்திரம்.

அந்தப் பெண் தன் மேலதிகாரியைக் கூப்பிட்டாள். அவர் பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தங்கக் கழுத்தை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். அசையவில்லை. "ஃபாரின் பாட்டில் தோத்துடும் போலிருக்கே, எந்த ஊரும்மா?" என்றார்.

"சைதாப்பேட்ட."

சிரித்துக்கொண்டே எங்கள் அறை எண்ணை எழுதி ஒரு ஸ்டிக்கர் ஒட்டிக் கொடுத்துவிட்டார். எனக்கு அவரைக் கட்டிப்பிடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

பெயிண்ட் பக்கெட்டுக்குள் இருக்கிற டோக்கனைச் சேர்த்துச் சேர்த்து அனுப்பிய கான்ட்ராக்டர்களுக்குக் கம்பெனி கொடுத்த கப்பல் பயணம் அது. இரண்டு ராத்திரி கடலில் சுற்றிவிட்டு மறுபடி சென்னைக்கே வந்துவிடும். முதல் நாள் ஏழு மணிக்கு மேடை. ஜோடி ஜோடியாக ஏறி ஷீல்டு வாங்க வேண்டும். ஆண்களுக்கெல்லாம் கம்பெனியே வெள்ளைச் சட்டை தைத்துக் கொடுத்திருந்தது. லாரன்ஸுக்கு மூன்று வாரமாக அந்த மேடைதான் பேச்சு. எனக்கு மேடையும் வேண்டாம், ஷீல்டும் வேண்டாம். என் கையால் போட்ட ஒயினை ஒரு முழு டம்ளர், உட்கார்ந்து, நிதானமாக, நான் குடிக்க வேண்டும். இருபத்தாறு வருஷமாக அது மட்டும் நடக்கவில்லை.

யாரும் தடுத்ததில்லை. வருஷா வருஷம் நவம்பர் பிறந்தால் சைதாப்பேட்டை மார்க்கெட்டில் ஐந்து கிலோ பன்னீர் திராட்சை வாங்கிப் பிசைந்து, சர்க்கரை, ஈஸ்ட், ஒரு பிடி கோதுமை, நாலு கிராம்பு சேர்த்துப் பீங்கான் ஜாடியில் போட்டு, வாயில் வெள்ளைத் துணியால் வேடு கட்டிவிடுவேன். தினம் காலையில் மரக்கரண்டியால் ஒரு கிண்டு. நாற்பத்தோராம் நாள் வடிகட்டுவேன். கிறிஸ்துமஸ் அன்று தெருவே எங்கள் வீட்டில் நிற்கும். நான் பிரியாணி அடுப்படியில் நிற்பேன். வியர்வையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தால் பாட்டில்கள் கவிழ்ந்து கிடக்கும். வடிகட்டும்போது சர்க்கரை பார்க்க நாக்கில் வைக்கிற ஒரு சொட்டோடு என் பங்கு முடிந்தது. "இன்னா பொன்மணிக்கா, இந்த வருஷம் கிராம்பு தூக்கலா கீது" என்பார்கள். பார்க்காத படத்தின் கதையைக் கேட்பவள் போலத் தலையை ஆட்டி வைப்பேன்.

கப்பல் என்று லாரன்ஸ் சொன்னதும் எனக்குத் தோன்றியது இதுதான். அங்கே அடுப்பு இருக்காது. அக்கா என்று கதவைத் தட்ட ஆள் இருக்காது. மறுநாளே, ஆகஸ்டு மாசம் என்றும் பார்க்காமல் திராட்சையைப் பிசைந்துவிட்டேன். கம்பெனிக்காரர்கள் தேதியை முன்னால் தள்ளுவார்கள் என்று யார் கண்டது? கிளம்புகிற அன்று ஜாடிக்கு இருபத்திரண்டு நாள்தான் ஆகியிருந்தது. வடிகட்டும்போதே முத்துமுத்தாக நுரை வந்தது. அடங்காத ஒயினை இறுக்கி மூடக் கூடாது, அது மூச்சு விடும், அதற்காகத்தான் ஜாடிக்கு வெறும் துணி என்று ஊருக்கெல்லாம் பாடம் எடுக்கிறவள் நான். லாரன்ஸ் சுத்தியால் கார்க்கைத் தட்டும்போது பக்கத்தில் உட்கார்ந்து பாட்டிலைப் பிடித்துக்கொண்டதும் நான்தான். ஆசை வந்தால் அறிவு எங்கே நிற்கும்?

அறை எங்கள் வீட்டுக் கூடத்தைவிடச் சின்னது. ஆனால் என்ன வெள்ளை! மெத்தை வெள்ளை, சுவர் வெள்ளை, கூரை வெள்ளை. வட்டமாக ஒரு ஜன்னல், அது நிறையக் கடல். நான் ஜன்னலுக்கு ஓடினேன். லாரன்ஸ் சுவரிடம் போய் உள்ளங்கையால் தடவினார்.

"ஸ்ப்ரே அட்சிக்கிறாம்மே. பிரஷ் மார்க்கே காணோம் பாரு."

கப்பல் நகர்ந்ததே தெரியவில்லை. பார்த்தால் கரை பின்னால் போய்க்கொண்டிருந்தது. ஆறேகாலுக்கு அவர் குளித்துவிட்டு அந்த வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டார். கல்யாண வீட்டுக்குப் போகிற சட்டையிலும் எங்காவது ஒரு பெயிண்ட் பொட்டு இருக்கும் மனிதர். கண்ணாடி முன்னால், ஈரம் காயாத கதவுக்குப் பக்கத்தில் நிற்பவர் போலக் கையை அகட்டி வைத்துக்கொண்டு நின்றார். எனக்குச் சிரிப்பாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது.

"முக்கா மண்நேரம் கீதுய்யா. தொற," என்று மெத்தையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டேன். நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. இந்த வயதில் ஒரு டம்ளர் ஒயினுக்கு இப்படியா என்று வெட்கமாகவும் இருந்தது.

அவர் வீட்டுச் சாவியால் எம்சீலைச் சுற்றிலும் கீறினார். ஒரு சில்லு பெயர்ந்தது. இன்னொரு சில்லு பெயர்ந்தது.

டமார்!

கார்க் கூரையில் மோதி எங்கோ விழுந்தது. ஒயின் பீறிட்டது. பதறிப்போய் அவர் உள்ளங்கையால் வாயைப் பொத்தினார். நேராகப் போய்க்கொண்டிருந்தது, அவர் பொத்தியதால் நாலாபக்கமும் பாய்ந்தது. சுவர், மெத்தை, என் முகம், அவர் சட்டை.

"கைய எடுய்யா! பாட்டில நிமித்திப் புடி!" என்று கத்தினேன். சத்தியமாகச் சொல்கிறேன், சட்டை எனக்கு அப்புறம்தான் கண்ணில் பட்டது.

அடங்கியபோது அடியில் நாலு விரல் அளவுதான் மிச்சம். லாரன்ஸ் குனிந்து தன் நெஞ்சைப் பார்த்தார். பிறகு துண்டை நனைத்து முதலில் சுவரைத் துடைக்க ஆரம்பித்துவிட்டார். "ஊறுனா கறை நின்னுடும்மே" என்றபடி கட்டில்மேல் ஏறிக் கூரைவரை துடைத்தார். சுவர் சுத்தமாகிவிட்டது. சட்டையை நான் சோப்புப் போட்டுத் தேய்க்கத் தேய்க்கச் சிவப்பு கத்திரிப்பூக் கலருக்கு மாறி, கொஞ்சம் அகலமாகவும் ஆனது.

கதவு தட்டப்பட்டது. வடபழனி கான்ட்ராக்டர் நாகராஜ். திறந்ததும் அலறினார்.

"அய்யோ, இன்னாடா ரத்தம்!"

"ரத்தம் இல்ல மச்சி. ஒயினு."

நாகராஜ் மோந்து பார்த்தார், பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "பெயிண்டருக்கு வெள்ளச் சட்ட குட்தா அஞ்சு நிமிசம் தாங்குமா? வேற எதனா மாட்டிக்கினு சீக்கிரம் வா. மொத்தமே பத்து பேர்தான், உன்து நாலாவது" என்று சொல்லிவிட்டு ஓடினார்.

வேறு சட்டை ஒன்று இருந்தது, கட்டம் போட்டது. மற்ற ஒன்பது பேரும் வெள்ளையில் நிற்கும்போது இவர் மட்டும் கட்டத்தில் நிற்பதை நினைத்தால் எனக்கு அழுகை வந்தது. எல்லாம் என் நாக்கால் வந்தது. மிச்சம் இருந்த ஒயினைக் கண்ணாடி டம்ளரில் ஊற்றினேன். முக்கால் டம்ளர் வந்தது. அதை அவரிடம் நீட்டினேன்.

"நீ குடிய்யா. நா அதுக்குள்ள கட்டம் போட்டத எட்து வெக்கிறேன்."

அவர் டம்ளரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அவ்வளவு நேரம் வராத கோபம் அப்போது வந்தது.

"இங்கயும் எனக்கே ஊத்தறியா? குந்துமே."

"நேரம் ஆவுதுய்யா..."

"குந்துன்றன்ல. இருவத்தாறு வருசம் நா குட்ச்சன், நீ பாத்துக்கினு நின்ன. இப்ப நீ குடி, நா பாக்கறேன்."

தோளைப் பிடித்து மெத்தையில் உட்கார வைத்தார். அவர் தரையில், கறைச் சட்டையோடு, சுவரில் முதுகு படாமல் தள்ளி உட்கார்ந்தார்.

குடித்தேன். முதலில் இனிப்பு வந்தது. அதன்மேல் சுறுசுறுவென்று நுரை நாக்கை நெருடியது. விழுங்கியபிறகு கிராம்பு வந்தது, கடைசியில் தொண்டையோரம் ஒரு சின்னப் புளிப்பு. இன்னும் பத்தொன்பது நாள் இருந்திருந்தால் இந்த நுரை இருக்காது. நன்றாக இருந்தது. ரொம்ப நன்றாக இருந்தது. அடிப்பாவி, இதையா ஒரு வாய் வைக்காமல் ஊருக்கு ஊற்றிக்கொண்டிருந்தாய் என்று என்மேலேயே எனக்குக் கோபம் வந்தது. பிறகு சிரிப்பு வந்தது. அடக்க முடியவில்லை.

"எப்டி கீது?" என்றார் லாரன்ஸ். முதல் முறையாக அந்தக் கேள்வியை அவர் கேட்கிறார்.

"இருய்யா, இன்னும் முடியல."

அப்போது வெளியே நடைபாதை ஒலிபெருக்கியில் கூப்பிட்டார்கள். "சைதாப்பேட்டை திரு. லாரன்ஸ், திருமதி பொன்மணி." கடலுக்கு நடுவில் என் பெயர் அத்தனை சத்தமாக ஒலித்தது. லாரன்ஸ் பாதி எழுந்துவிட்டார். டம்ளரில் இன்னும் பாதி இருப்பதைப் பார்த்தார். மறுபடி உட்கார்ந்தார். "மெதுவா குடி" என்றார்.

நான் காலை மெத்தைமேல் தூக்கி வைத்துக்கொண்டேன். வட்ட ஜன்னலில் கடல் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. டம்ளரில் ஒயினும் அதே பக்கம் சாய்ந்தது. இரண்டாம் முறையாக எங்கள் பெயரைக் கூப்பிட்டார்கள். நான் அடுத்த மடக்கைக் குடித்தேன்.