இரண்டாம் நபரின் சோப்பு

மீட்டர்காரரின் மனைவி இறந்து பதினான்கு மாதம் ஆகிறது. ஆனால் ஒரு கம்பெனியின் பட்டியலில் மட்டும் அந்த அம்மாள் இன்னும் உயிரோடு இருந்தார், வாரம் தவறாமல் சோப்பு வாங்கிக்கொண்டிருந்தார்.

மீட்டர்காரர் என்பது தெரு வைத்த பெயர். முப்பத்தோரு வருஷம் வீடு வீடாக ஏறி இறங்கி மின்சார மீட்டரைப் பார்த்து எழுதியவர். ஓய்வு பெற்றுப் பத்து வருஷம் ஓடிவிட்டது. இன்னமும் அவர் தலையைக் கண்டால் சில வீடுகளில் பழக்க தோஷத்தில் வாசல் விளக்கை அணைக்கிறார்கள்.

அந்தக் கம்பெனியின் தொழில் கொஞ்சம் விசித்திரமானது. எந்த நாட்டில் எந்த மார்க் பிஸ்கட், எந்த மார்க் பற்பசை அதிகம் பேருக்குப் பிடித்திருக்கிறது என்று கண்டுபிடித்துச் சொல்வார்கள். அதற்காகப் பதினோரு நாடுகளில் வீடுகளைப் பொறுக்கியெடுத்து, வீட்டுக்கொரு பார்கோடு மெஷின் கொடுத்திருந்தார்கள். கடையிலிருந்து வந்ததும் வாங்கிய சாமான்களை ஒவ்வொன்றாக அதனிடம் காட்ட வேண்டும். டுக் என்று ஒரு சத்தம் வரும். பிறகு, இது யாருக்கு என்று கேட்கும். ஒன்றை அமுக்கினால் வீட்டுக்காரருக்கு, இரண்டை அமுக்கினால் மனைவிக்கு. புதன்கிழமை காலை பதினோரு மணிக்குக் கம்பெனியிலிருந்து ஒரு பெண் போன் பண்ணி, வாங்கிய சாமான்களைப் பற்றிப் பதினோரு கேள்வி கேட்பாள். மீட்டர்காரரின் மனைவி, அந்த அம்மாள்தான் ஆசைப்பட்டு இதில் சேர்ந்தது. "உலகம் பூரா என்ன வாங்கறாங்கன்னு எழுதறாங்களாம், நம்ம வீடும் அதுல இருக்கட்டுமே" என்றார். மீட்டர்காரர், "வேலையத்த வேலை" என்றார்.

அம்மாள் போனது ஒரு சனிக்கிழமை. புதன்கிழமை பதினோரு மணிக்குப் போன் அடித்தது.

"சார், இந்த வாரம் அம்மாவோட லிஸ்ட் வரலையே?"

சொல்லியிருக்கலாம். நான்கு நாளாக ஊருக்கெல்லாம் சொன்ன வாய்தான். ஆனால் "சாயந்தரம் வந்துரும்மா" என்று வைத்துவிட்டார். அப்புறம் அவருக்குத் தெரிந்த தொழிலைச் செய்தார். வீடு பூட்டிக் கிடந்தால் மீட்டர்காரர்கள் போன தடவை எவ்வளவோ அதையே இந்தத் தடவையும் போட்டுவிட்டு நடையைக் கட்டுவார்கள். ஆள் திரும்பி வந்ததும் சரி பண்ணிக்கொள்ளலாம் என்பது ஏற்பாடு. போன மாதம் அம்மாள் வாங்கியது குடை மார்க் சோப்பு இரண்டு, கிராம்பு பற்பசை ஒன்று, உப்பு பிஸ்கட் ஒரு பாக்கெட். வாங்காததை வாங்கியதாகக் காட்டுகிற துணிச்சல் அவருக்கு இல்லை. சட்டையை மாட்டிக்கொண்டு கடைக்குப் போய் நிஜமாகவே வாங்கி வந்து, மெஷினில் இரண்டை அமுக்கினார். 'இரண்டாம் நபருக்கு நன்றி' என்றது மெஷின்.

அந்த ஒரு வரிதான் மனிதரைக் கெடுத்தது.

மாதம் இரண்டு சோப்பு, நான்காகி, எட்டாகிவிட்டது. கடைக்குப் போகும்போதெல்லாம் ஒன்று எடுத்துக்கொண்டு வந்துவிடுவார். பிஸ்கட்டைத் தின்று தீர்த்தார், பற்பசையைத் தேய்த்துத் தீர்த்தார். சோப்பை மட்டும் தொட முடியவில்லை. ஒரே ஒரு நாள் அதைப் போட்டுக் குளித்தார். அன்று பூராவும் அம்மாளின் வாசனை அவர் தோளிலேயே இருந்தது. திரும்பினால் ஆள் இல்லை. சோறு இறங்காமல் தட்டை அப்படியே கழுவி வைத்தார். அதற்கப்புறம் வாங்கிய சோப்பெல்லாம் பிரிக்காமல் அலமாரிக்குள் போயிற்று.

உண்மையைச் சொல்லாததற்கு இன்னொரு காரணமும் உண்டு. வீட்டில் ஆள் எண்ணிக்கை மாறினால் உடனே தெரிவிக்க வேண்டும், தேவைப்பட்டால் மெஷினைத் திரும்ப எடுத்துக்கொள்வார்கள் என்று சேரும்போதே கையெழுத்து வாங்கியிருந்தார்கள். மெஷின் போனால் புதன்கிழமைப் போனும் போய்விடும். கடைக்காரர் அவரிடம் பேசுவது "பை இருக்கா?" என்ற இரண்டு வார்த்தை. வேறு நாட்டில் இருக்கும் மகள் ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டு, "மாத்திரை போட்டீங்களாப்பா?" என்பாள், பதில் வருவதற்குள் அவள் வீட்டில் குக்கர் கத்தும். ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டு, அவர் யோசித்துச் சொல்லும்வரை பொறுத்திருக்கிற ஒரே ஜீவன் அந்தப் புதன்கிழமைப் பெண்தான். சம்பளத்துக்குத்தான் பொறுத்திருக்கிறாள் என்பது அவருக்குத் தெரியாமலில்லை. அதனாலென்ன, பொறுத்திருக்கிறாளே.

வருஷத்துக்கு ஒரு தடவை கம்பெனி ஒரு புத்தகம் அனுப்பும். பதினோரு நாட்டிலும் எந்தச் சாமான் எத்தனையாவது இடம் என்று கட்டம் கட்டிப் போட்டிருக்கும். மீட்டர்காரர் முதலில் புரட்டுவது மகள் இருக்கும் நாட்டை. அங்கே காப்பித் தூளில் எது முதலிடம், துணி சோப்பில் எது முதலிடம் என்று பார்த்து, இதைத்தான் வாங்கியிருப்பாள் என்று நினைத்துக்கொள்வார். மகளிடம் கேட்கலாம்தான். கேட்டால், "இதையெல்லாம் ஏம்ப்பா கேக்கறீங்க?" என்பாள்.

இந்த வருஷப் புத்தகத்தில் குளியல் சோப்புப் பக்கத்தை அவர் இரண்டு தடவை படித்தார். குடை மார்க் சோப்பு ஒன்பது நாடுகளில் பட்டியலிலேயே இல்லை. பத்தாவது நாட்டில் கடைசி இடம். இந்த நாட்டில் மட்டும், அறுபது வயது தாண்டிய பெண்கள் நடுவே, பன்னிரண்டாவது இடத்திலிருந்து நாலாவது இடத்துக்கு வந்திருந்தது. 'வியப்பூட்டும் மீட்சி' என்று தலைப்பு வேறு. உங்கள் வீடு ஒன்று ஒன்பதாயிரம் வீட்டுக்குச் சமம் சார் என்று புதன்கிழமைப் பெண் ஒரு தடவை பெருமையாகச் சொல்லியிருந்தாள். மீட்டர்காரர் எட்டை ஒன்பதாயிரத்தால் பெருக்கிப் பார்த்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

அடுத்த புதன்கிழமையே ஆரம்பித்தது.

"சார், குடை மார்க் கம்பெனிக்காரங்க அம்மாகிட்டப் பேசணுமாம். கால் மணி நேரம்தான். அம்மாகிட்டக் குடுக்கறீங்களா?"

"குளிக்கறாம்மா."

அதற்கடுத்த வாரம் அம்மாள் தூங்கினார். மூன்றாவது வாரம் அவசரத்தில் வேறொன்றும் தோன்றாமல் மறுபடி குளித்தார்.

"அம்மா குளிச்சுக்கிட்டே இருக்காங்களா சார்? அதான் இவ்வளவு சோப்பு ஆகுது!" என்று அவள் சிரித்தாள். இவரும் சிரித்தார். வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டு ரொம்ப நாளாகியிருந்தது, அவருக்கே யாரோ சிரிப்பது மாதிரி இருந்தது. "ஒண்ணு பண்றேன் சார், வியாழக்கிழமை அவங்க கேள்வியை வாங்கிக்கிட்டு நானே நேர்ல வந்துடறேன்" என்றாள் அவள். சிரிப்பு அங்கேயே நின்றது.

வியாழக்கிழமை காலை வீட்டைப் பெருக்கி, அம்மாளின் செருப்பைத் துடைத்து வாசலில் வைத்து, 'மகள் வீட்டுக்குப் போயிருக்கா' என்பதைக் கண்ணாடி முன் நாலைந்து தடவை சொல்லிப் பார்த்தார். பத்து மணிக்கு வந்தவள் குரலைவிட வயதானவளாக இருந்தாள். ஐம்பதைத் தாண்டியிருக்கும். மூன்று மாடி ஏறி வந்ததில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். அவர் டீ போட்டுக் கொடுத்தார்.

"மகள் வீட்டுக்குப் போயிருக்காம்மா. வர ஆறு மாசம் ஆகும்."

"அய்யோ சார், நான் இன்னிக்கு முடிச்சாகணுமே." கையிலிருந்த டேப்லெட்டைத் திறந்தாள். "சரி, நீங்களே சொல்லுங்க. நாற்பது வருஷம் கூட இருந்தவருக்குத் தெரியாதா? அம்மாவுக்கு ஏன் இந்த சோப்பு பிடிக்கும்? வாசனையா, நுரையா, இல்ல சின்ன வயசுப் பழக்கமா?"

மீட்டர்காரர் குளியலறைப் பக்கம் பார்த்தார். நாற்பது வருஷம் குளியலறையில் அந்த சோப்பு இருந்தது. ஏன் இது என்று அவர் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. ஊரில் எந்த வீட்டில் எத்தனை யூனிட் ஓடுகிறது என்று விரல் நுனியில் வைத்திருந்தவருக்குத் தன் வீட்டுச் சங்கதி ஒன்று தெரியவில்லை. கேட்கலாம் என்றால் கேட்க ஆளில்லை. பதினான்கு மாதத்தில் அம்மாள் செத்துப்போனது அந்த நிமிஷம்தான் அவருக்கு முழுசாக விளங்கியது.

"தெரியலம்மா" என்றார். "அவ போயிட்டா. வருஷம் ஒண்ணு தாண்டிப் போச்சு." எழுந்து போய் அலமாரியைத் திறந்து காட்டினார். தொண்ணூற்று மூன்று சோப்பு.

அவள் கோபப்படவில்லை. அலமாரியையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "இந்த சோப்பை இங்கயும் நிறுத்தறதா இருந்தாங்க சார். உங்களாலதான் நிறுத்தல" என்றாள். பிறகு டேப்லெட்டில் எதையோ தேடி எடுத்து, மேஜைமேல் வைத்தாள். இரண்டாம் நபரை நீக்கக் காரணம் என்ன என்று கேட்டது அது. வேறிடம் போனார், திருமணமானது, இறந்தார்.

"நானே அமுக்கறேம்மா" என்றார். அமுக்கினார். 'உறுதியாகவா?' என்று அது இன்னொரு தடவை கேட்டது. மறுபடி அமுக்கினார்.

"இனிமே ஒண்ணை மட்டும் அமுக்கறேன். ஒழுங்கா அனுப்பிடுவேன்."

அவள் மெஷினின் வயரைச் சுற்றிக்கொண்டிருந்தாள். "இல்ல சார். வயசானவங்க தனியா இருக்கற வீடு இந்த ஏரியாவுக்கு நாற்பதுதான் எடுப்போம். அது நிறைஞ்சு ரொம்ப நாளாச்சு. உங்களை மாதிரி ஆளுங்க எங்ககிட்ட வேண்டிய அளவு இருக்காங்க."

"அவங்களுக்கும் போன் உண்டா?"

"உண்டு சார். வாரா வாரம்."

"அதே பதினோரு கேள்வியா?"

"அதேதான்."

அவர் காலி டீ டம்ளரை எடுத்துக்கொண்டே, "எடம் ஏதாச்சும் காலியானா என்னைச் சேர்த்துக்கம்மா" என்றார்.

அவள் டேப்லெட்டைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். "உங்களுக்கு முன்னாடி ஆறு பேர் இருக்காங்க. ஏழாவதா எழுதிக்கறேன்" என்றாள்.

ஒரு கை சுவரிலும் ஒரு கை மெஷினிலுமாக அவள் படி இறங்கிப் போனாள். கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்த பிறகுதான் அவருக்கு உறைத்தது. அந்த நாற்பது பேரும் எழுபதை எட்டிய ஒண்டிக்கட்டைகள். வீடு மாறிப் போகிற வயசா, கல்யாணம் பண்ணிக்கொண்டு போகிற வயசா அது? அங்கே ஓர் இடம் காலியாவதற்கு ஒரே ஒரு வழிதான் இருக்கிறது. அவருக்கு முறை வர ஏழு பேர் போக வேண்டும்.

அவளுடைய நம்பர் போனில் இருந்தது. கூப்பிட்டு, பேரை அடித்துவிடு என்று சொல்லியிருக்கலாம். போனை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். கை போகவில்லை.